‘இஃப்’ வாக்கியங்கள்: பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்து படிக்க



சென்ற ஆண்டு நம் ஜமாஅத்தைச் சேர்ந்த ஒரு சகோதரர், வளைகுடா வேலைக்கான ஒப்பந்தத் தாளை எடுத்துக்கொண்டு அறக்கட்டளை அலுவலகத்துக்கு வந்தார். நான்கு பக்கம், முழுவதும் ஆங்கிலம். சம்பளம், தங்குமிடம், சாப்பாடு, திரும்பி வர டிக்கெட் என்று ஒவ்வொன்றாக விரல் வைத்துப் பார்த்துவிட்டு, “எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது பாய், கையெழுத்துப் போடுங்கள்” என்று சொல்லி அனுப்பினோம். ‘கம்பெனி ரிடர்ன் டிக்கெட் தரும்’ என்ற வாக்கியத்தைப் பார்த்த எங்கள் கண், அதற்கு அடுத்த வாக்கியத்தைத் தாண்டிவிட்டது. அது இது:

“நோ டிக்கெட் வில் பி கிவன் அன்லெஸ் த எம்ப்ளாயீ கம்ப்ளீட்ஸ் டூ இயர்ஸ்.”

பதினான்காவது மாதம் தாயாருக்கு உடல்நிலை மோசமாகி அவர் ஊர் திரும்ப வேண்டி வந்தது. இரண்டு ஆண்டு முடியவில்லை, அதனால் டிக்கெட் இல்லை. கடன் வாங்கித்தான் வந்தார். ‘அன்லெஸ்’ என்ற ஒரு சொல்லின் விலை அது. அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. தாளை வாசித்தது நாங்கள்.

அதற்குப் பிறகுதான் மாலை வகுப்பில் இந்தப் பாடத்துக்குக் கூடுதல் நாட்கள் ஒதுக்கினோம். பத்தாம் வகுப்பிலும் பிளஸ் டூவிலும் இலக்கணப் பகுதியில் ‘கண்டிஷனல் சென்டன்ஸ்’ உண்டு என்பது பிள்ளைகளுக்குத் தெரியும். மதிப்பெண்ணுக்காக ஒரு சூத்திரத்தை மனப்பாடம் செய்து எழுதிவிட்டு வருகிறார்கள். ஆனால் வாடகை ஒப்பந்தம், கடன் பத்திரம், ஆஸ்பத்திரியில் கையெழுத்து வாங்கும் தாள், கல்லூரி விடுதி விதிமுறை என்று வாழ்க்கையில் நாம் கையெழுத்துப் போடும் இடங்களிலெல்லாம் நமக்குக் கிடைப்பதும் கிடைக்காமல் போவதும் இந்த வகை வாக்கியத்துக்குள்தான் இருக்கிறது.

ஆங்கில வாக்கியங்களைத் தமிழ் எழுத்திலேயே அச்சிட்டிருக்கிறோம். காரணம் உண்டு. ஆங்கிலம் படிக்காத தாய்மார்களும் இதைச் சத்தமாக வாசிக்கலாம். அவர்கள் வாசிக்க, பிள்ளைகள் நோட்டில் ஆங்கில எழுத்தில் எழுதட்டும். எழுத்துப்பிழையும் அதிலேயே தெரிந்துவிடும்.

முதலில் வாக்கியத்தின் உடம்பைப் பார்ப்போம். நிபந்தனை வாக்கியத்துக்கு இரண்டு பாகம். ஒன்று நிபந்தனை, மற்றது அதன் விளைவு. மதரஸாவில் ஓதும் பிள்ளைகள் இதை ஷர்த்து, ஜவாப் என்று அறிவார்கள். தமிழில் ‘ஆல்’ என்று முடிவது ஷர்த்து. அதற்குப் பின் வருவது ஜவாப். ‘கரண்ட் போனால் தறி நிற்கும்.’ ‘போனால்’ வரை ஷர்த்து, ‘தறி நிற்கும்’ ஜவாப். ஆங்கிலத்தில் ஷர்த்தின் தலையில் ‘இஃப்’ உட்கார்ந்திருக்கும்.

“இஃப் த கரண்ட் கோஸ், த லூம் ஸ்டாப்ஸ்.”

எப்போதும் மாறாமல் நடப்பதைச் சொல்ல இவ்வளவு போதும். இரண்டு பக்கமும் சாதாரண நிகழ்காலம். புத்தகங்களில் இதை ‘ஜீரோ கண்டிஷனல்’ என்பார்கள். இதில் யாரும் தவறுவதில்லை.

சிக்கல் மற்ற மூன்றில். நம் ஊரில் தினமும் பேசப்படும் நூல் விலையையே எடுத்துக்கொள்வோம்.

“இஃப் த யார்ன் ப்ரைஸ் ஃபால்ஸ், வீ வில் பை மோர்.”
“இஃப் த யார்ன் ப்ரைஸ் ஃபெல், வீ வுட் பை மோர்.”
“இஃப் த யார்ன் ப்ரைஸ் ஹேட் ஃபாலன், வீ வுட் ஹேவ் பாட் மோர்.”

முதலாவதைச் சொல்கிறவர், விலை குறையலாம் என்று நம்புகிறார். பணத்தையும் எடுத்து வைத்திருப்பார். இரண்டாவதைச் சொல்கிறவருக்கு நம்பிக்கை இல்லை. ‘குறைந்தால் வாங்கலாம்தான், எங்கே குறையப் போகிறது’ என்பது அவர் மனம். மூன்றாவதில் காலமே கடந்துவிட்டது. விலை குறையவில்லை, வாங்கவில்லை, கதை முடிந்தது.

பிள்ளைகள் திணறுவது இரண்டாவதில். “ஃபெல் என்பது இறந்தகாலம் அல்லவா? விலை நேற்றா குறைந்தது?” என்று கேட்பார்கள். நல்ல கேள்வி. இதற்குப் பதில் தெரிந்துகொண்டால் பாடத்தில் பாதிக்கு மேல் முடிந்தது. அந்த ‘ஃபெல்’ நேற்றைக் குறிக்கவில்லை. நடப்பிலிருந்து தூரத்தைக் குறிக்கிறது. ஆங்கிலக்காரர், நடக்கும் என்று தாம் எதிர்பார்க்காத ஒன்றைச் சொல்லும்போது வினையை ஒரு படி பின்னுக்குத் தள்ளிச் சொல்கிறார். ‘ஃபால்ஸ்’ என்பது ‘ஃபெல்’ ஆகும். அதனுடன் ‘வில்’ என்பதும் ‘வுட்’ ஆகும். நடக்காமலே முடிந்துபோனதைச் சொல்லும்போது இன்னும் ஒரு படி. ‘ஃபெல்’ என்பது ‘ஹேட் ஃபாலன்’ ஆகும். ‘வுட் பை’ என்பது ‘வுட் ஹேவ் பாட்’ ஆகும். இரண்டு பாகமும் சேர்ந்தே இறங்கும். ஒன்று இறங்கி மற்றது நின்றுவிட்டால் அதுதான் பிழை.

இறந்தகால வடிவத்தில் வராத காலத்தைப் பேசுவது நமக்குப் புதிதா என்று யோசித்துப் பாருங்கள். ‘நாளைக்கு மழை பெய்தால்’ என்கிறோம். பெய்தது, பெய்தால், வந்தான், வந்தால், படித்தாள், படித்தால். ‘ஆல்’ ஒட்டிக்கொண்டிருப்பது இறந்தகால வினையின் மேல்தான். மழை நாளைக்கு, வடிவம் நேற்றைக்கு. நாம் கவனிக்காமலே பிறந்ததிலிருந்து இப்படிப் பேசுகிறோம்.

அரபியிலும் இதே கதைதான். ஒரு நாளைக்குப் பத்து முறை நம் வாயில் வரும் ‘இன்ஷா அல்லாஹ்’ என்பதைப் பிரித்துப் பாருங்கள். ‘இன்’ என்றால் ‘இஃப்’. ‘ஷாஅ’ என்பது மாழீ, அதாவது இறந்தகால வினை; ‘நாடினான்’. சேர்த்தால் ‘அல்லாஹ் நாடினால்’. பேசுவதோ நாளைக்கு நடக்கப்போவதை. சூரா அந்நஸ்ரின் தொடக்கத்தில் ‘இதா’ என்பதற்குப் பின் வரும் வினையும் இப்படியே மாழீ வடிவில் நின்று வரப்போவதைச் சொல்லும். சிறு பிள்ளைகளும் மனனமிட்ட சூரா அது. ஆகவே, ‘இறந்தகாலத்தில் எதிர்காலம் எப்படி வரும்’ என்று ஆங்கிலத்தைப் பார்த்து மிரள வேண்டியதில்லை.

இன்னொரு செய்தி. வகுப்பு நடத்தும்போதுதான் எங்களுக்கே இது தெளிவானது. தமிழில் மேலே சொன்ன முதல் இரண்டு வகைக்கும் வினை ஒன்றுதான். ‘விலை குறைந்தால் வாங்குவோம்’ என்பதை நம்பிக்கையோடும் சொல்லலாம், நம்பிக்கை இல்லாமலும் சொல்லலாம். குரலும் சூழலும்தான் வித்தியாசம் காட்டும். மூன்றாவது மட்டும் தனியாக நிற்கும்: ‘குறைந்திருந்தால் வாங்கியிருப்போம்.’ அதனால்தான் நம் பிள்ளைகள் மூன்றாம் வகையைச் சீக்கிரம் பிடித்துக்கொள்கிறார்கள். ஒன்றுக்கும் இரண்டுக்கும் நடுவில் தடுமாறுகிறார்கள்.

அந்த இடத்தில் அரபி கை கொடுக்கிறது. நடக்கக்கூடியதற்கு ‘இன்’ அல்லது ‘இதா’. உண்மைக்கு மாறானதற்கு ‘லவ்’. ‘லவ்’ வந்தால் அதன் ஜவாபில் பெரும்பாலும் ‘ல’ என்று ஓர் எழுத்து முன்னால் ஒட்டிக்கொண்டு வரும். ஆங்கிலத்தில் ‘வுட்’ செய்கிற வேலைக்கு அது ஏறக்குறைய ஒப்பு. எனவே மக்தபுக்குப் போகும் பிள்ளைக்கு நாங்கள் சொல்லிக் கொடுக்கும் வழி இது: எழுத வேண்டிய வாக்கியத்தில் ‘இன்’ போடுவாயா, ‘லவ்’ போடுவாயா என்று முதலில் கேட்டுக்கொள். ‘இன்’ என்றால் முதல் வகை. ‘லவ்’ என்றால் தமிழுக்கு வா. ‘இருந்தால்’ என்று வருகிறதா, ‘இருந்திருந்தால்’ என்று வருகிறதா என்று பார். ‘இருந்தால்’ இரண்டாவது, ‘இருந்திருந்தால்’ மூன்றாவது. இரண்டு மொழியும் சேர்ந்தால் மூன்று வகையும் பிரிந்துவிடும். சூத்திரம் மறந்துபோகும், இது மறக்காது.

‘லவ்’ பற்றிப் பேசும்போது வகுப்பில் ஒரு மாணவன் கேட்டது நினைவுக்கு வருகிறது. துன்பம் நேர்ந்த பின் ‘இப்படிச் செய்திருந்தால் அப்படி ஆகியிருக்குமே’ என்று சொல்வதை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்த செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் இருக்கிறது. அங்கே வரும் சொல் இந்த ‘லவ்’ தான். “அப்படியானால் மூன்றாம் வகையை நாங்கள் படிக்கலாமா?” என்றான். வகுப்பே சிரித்தது. ஹஜ்ரத் அவர்களிடம் கேட்டோம். விதியை நொந்து மனம் புழுங்குவதற்குத்தான் தடை, எங்கே தவறினோம் என்று கண்டுபிடித்துத் திருத்திக்கொள்வதற்கு அல்ல என்று விளக்கினார்கள். அந்த ஒப்பந்தத் தாளைப் பற்றி நாங்கள் எழுதிக் காட்டிய வாக்கியமும் மூன்றாம் வகைதான்: “இஃப் வீ ஹேட் ரெட் த நெக்ஸ்ட் லைன், வீ வுட் ஹேவ் வார்ன்ட் ஹிம்.” அடுத்த வரியை வாசித்திருந்தால் அவரை எச்சரித்திருப்போம்.

மூன்று வகையையும் நமக்குத் தெரிந்த மேட்டூர் அணையை வைத்து இன்னொரு முறை பழகலாம். காவிரிக் கரையில் இருக்கும் ஊர் நம்முடையது. அணையிலிருந்து உபரி நீர் அதிகம் வந்தால் ஆற்றோரத் தெருக்களில் தண்ணீர் ஏறும். 2018 ஆகஸ்டில் கண்ணால் பார்த்தோம். “இஃப் தே ரிலீஸ் மோர் வாட்டர், வீ வில் லீவ் த ஹவுஸ்.” நடக்கக்கூடியது, முதல் வகை. அணையின் முழுக் கொள்ளளவு மட்டம் 120 அடி; அது மாறப்போவதில்லை. “இஃப் த டேம் வேர் ஹையர், இட் வுட் ஹோல்ட் மோர் வாட்டர்.” கற்பனை, இரண்டாம் வகை. காவிரியில் 1924-ல் பெருவெள்ளம் வந்தது. அணை வேலை தொடங்கியது 1925-ல், முடிந்தது 1934-ல். “இஃப் த டேம் ஹேட் எக்ஸிஸ்டட் இன் 1924, த ஃப்ளட் மைட் ஹேவ் டன் லெஸ் டேமேஜ்.” இது மூன்றாவது. இங்கே ‘வுட்’ போடாமல் ‘மைட்’ போட்டிருப்பதைக் கவனியுங்கள். உறுதியாகச் சொல்ல முடியாதபோது, ‘குறைந்திருக்கலாம்’ என்ற பொருளில் ‘மைட்’ வரும்.

இரண்டாவது வாக்கியத்தில் ‘வாஸ்’ வராமல் ‘வேர்’ வந்ததையும் பார்த்திருப்பீர்கள். கற்பனையில் ஐ, ஹி, ஷி, இட் எல்லாவற்றுக்கும் ‘வேர்’ எழுதுவதே தேர்வுக்குப் பாதுகாப்பு. “இஃப் ஐ வேர் யூ, ஐ வுட் நாட் செல் த லூம்.” நான் உன் இடத்தில் இருந்தால் தறியை விற்க மாட்டேன். பேச்சில் ‘வாஸ்’ என்பாரும் உண்டு. அதைக் கேட்டுப் பதற வேண்டாம்.

இனி, நோட்டுகளைத் திருத்தும்போது திரும்பத் திரும்பக் கண்ணில் படும் பிழைகள். ‘இஃப் ஐ வில் பாஸ்’ என்று எழுதுவது முதலாவது. ‘இஃப்’ உள்ள பாகத்தில் ‘வில்’ வேண்டாம், ‘வுட்’ வேண்டாம். அவற்றின் இடம் ஜவாப். ‘இஃப் ஐ வுட் ஹேவ் நோன்’ என்பதும் அதே குடும்பத்துப் பிழை. ‘இஃப் ஐ ஹேட் நோன்’ என்று எழுத வேண்டும். வீட்டில் உருது பேசும் பிள்ளைகள் ‘அகர்’ போட்டால் ‘தோ’ போட்டே பழகியவர்கள். அதனால் ஒவ்வொரு வாக்கியத்திலும் ‘தென்’ சேர்க்கிறார்கள். அது பெரிய குற்றமில்லை, ஆனால் அவசியமும் இல்லை. ஒரு காற்புள்ளி போதும். ஜவாப் முன்னால் வந்து ஷர்த்து பின்னால் வந்தால் பொதுவாகக் காற்புள்ளியும் வேண்டாம்.

பெரிய பிழை ‘அன்லெஸ்’. ‘படிக்காவிட்டால்’ என்பதில் இல்லை என்ற பொருள் வினைக்குள்ளேயே இருக்கிறது. ஆங்கிலத்தில் அது ‘அன்லெஸ்’ என்ற சொல்லுக்குள் இருக்கிறது. ஆகவே வினையில் மறுபடி ‘நாட்’ சேர்க்கக் கூடாது. ‘அன்லெஸ் யூ டோன்ட் பே’ என்று எழுதினால், கட்டணம் கட்டாமல் இருந்தால்தான் சேர்த்துக்கொள்வோம் என்பதுபோல் பொருள் தலைகீழாகிவிடும். ‘அன்லெஸ் யூ பே’ என்றாலே ‘கட்டாவிட்டால்’. ஒப்பந்தம் வாசிக்கும்போது ‘அன்லெஸ்’ கண்ணில் பட்டால் அதை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ‘இஃப் நாட்’ என்று வைத்து வாசியுங்கள். ‘நோ டிக்கெட், இஃப் த எம்ப்ளாயீ டஸ் நாட் கம்ப்ளீட் டூ இயர்ஸ்.’ இரண்டு ஆண்டு முடிக்காவிட்டால் டிக்கெட் இல்லை. இப்போது மறைந்திருந்தது வெளியே வந்துவிட்டது.

இதே வேலையைச் செய்யும் வேறு சொற்களும் பத்திரங்களில் இருக்கும். ‘ப்ரொவைடட் தட்’ என்றால் ‘என்ற நிபந்தனையின் பேரில்’. அதற்கு முன்னால் கொடுப்பதாகச் சொன்னதைப் பின்னால் கட்டிப்போடும் கயிறு அது. ‘ஃபெய்லிங் விச்’ என்றால் ‘அப்படிச் செய்யத் தவறினால்’. அதற்கு அடுத்து வருவது பெரும்பாலும் அபராதமோ, இழப்போதான். ‘ஈவன் இஃப்’ என்பது தமிழில் ‘ஆலும்’. வந்தால், வந்தாலும், ஓர் ‘உம்’ சேர்ந்ததும் நிபந்தனை அவிழ்ந்துவிடுகிறது. ‘ஈவன் இஃப் த ஸ்டூடன்ட் லீவ்ஸ், த ஃபீஸ் வில் நாட் பி ரிஃபண்டட்’ என்று ஒரு படிவத்தில் இருந்தால், பிள்ளை பாதியில் நின்றாலும் பணம் திரும்பாது என்று பொருள். பணம் கட்டுவதற்கு முன் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

கடிதம் எழுதும் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. உதவித்தொகை கேட்டோ, சான்றிதழ் கேட்டோ விண்ணப்பிக்கும்போது ‘இஃப் யூ கிவ், ஐ வில் பி ஹேப்பி’ என்று எழுதுகிறார்கள். இலக்கணம் சரி, ஆனால் பேரம் பேசுவதுபோல் இருக்கிறது. “ஐ வுட் பி கிரேட்ஃபுல் இஃப் யூ குட் இஷ்யூ த சர்ட்டிஃபிகேட்” என்று எழுதுங்கள். வினையை ஒரு படி பின்னால் தள்ளினால் தூரம் வரும் என்றோமே, அந்தத் தூரம் இங்கே மரியாதையாகிறது. பெரியவர் முன்னால் ஓர் அடி தள்ளி நின்று பேசுவதுபோல.

பயிற்சி. வீட்டில் யாராவது தமிழில் வாசிக்கட்டும். பிள்ளைகள் விடையைப் பார்க்காமல் ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு எழுதட்டும். எழுதுவதற்கு முன் ‘இன்’ வாக்கியமா, ‘லவ்’ வாக்கியமா என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

1. கரண்ட் வந்தால் தறி ஓட்டுவோம்.
2. நான் கலெக்டராக இருந்தால் இந்தத் தெருவுக்குச் சாக்கடை கட்டுவேன்.
3. பஸ்ஸைப் பிடித்திருந்தால் ஈரோட்டில் ரயிலைத் தவறவிட்டிருக்க மாட்டோம்.
4. நீ கையெழுத்துப் போடாவிட்டால் விண்ணப்பத்தை வாங்க மாட்டார்கள்.
5. மழை பெய்தாலும் வகுப்பு உண்டு.
6. அன்று மருந்து சாப்பிட்டிருந்தால் இப்போது நன்றாக இருப்பாய்.

ஆறாவது கொஞ்சம் வஞ்சகமானது. ஷர்த்து முடிந்துபோன காலம், ஜவாப் இன்றைய நிலை. அதனால் முதல் பாகம் மூன்றாம் வகையிலும் இரண்டாம் பாகம் இரண்டாம் வகையிலும் வரும். பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் இதை விட்டுவிட்டாலும் பரவாயில்லை.

விடைகள்: (1) இஃப் த கரண்ட் கம்ஸ், வீ வில் ரன் த லூம். (2) இஃப் ஐ வேர் த கலெக்டர், ஐ வுட் பில்ட் அ ட்ரெய்ன் ஃபார் திஸ் ஸ்ட்ரீட். (3) இஃப் வீ ஹேட் காட் த பஸ், வீ வுட் நாட் ஹேவ் மிஸ்ட் த ட்ரெயின் அட் ஈரோடு. (4) தே வில் நாட் அக்செப்ட் த அப்ளிகேஷன் அன்லெஸ் யூ சைன் இட். (5) ஈவன் இஃப் இட் ரெய்ன்ஸ், தேர் வில் பி அ கிளாஸ். (6) இஃப் யூ ஹேட் டேக்கன் த மெடிசின் தட் டே, யூ வுட் பி வெல் நவ்.

பிள்ளைகள் சொந்தமாகப் பத்து வாக்கியம் எழுதி மாலை வகுப்பில் கொடுத்தால் திருத்தித் தருவோம். வாக்கியங்கள் அவரவர் வீட்டிலிருந்தும் தெருவிலிருந்தும் வர வேண்டும். கைடு புத்தகத்திலிருந்து எடுத்தவை பார்த்ததுமே தெரிந்துவிடும். பெற்றோர்கள் ஆங்கிலத்தில் எந்தத் தாளில் கையெழுத்துப் போடுவதாக இருந்தாலும் முதல் நாளே அலுவலகத்துக்குக் கொண்டு வாருங்கள். இப்போது இரண்டு பேர் உட்கார்ந்து, ஒருவர் வாசிக்க ஒருவர் கேட்டு, ‘இஃப்’, ‘அன்லெஸ்’, ‘ப்ரொவைடட்’ வரும் இடங்களிலெல்லாம் பென்சிலால் கோடு போட்டுத் தருகிறோம். அந்தச் சகோதரரும் சில நாட்களில் வந்து உட்காருகிறார்.